நெத்திலி, சுறாப்புட்டு, கானாங்கெளுத்தி

பள்ளி நினைவு எதையாவது எழுதி அனுப்புங்கள் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டதும், எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, பாடுபவருக்கு ஆதார சுவரத்தை விடாமல் பிடித்துக் கொடுக்கும் ஒரு சுருதிப் பெட்டி. துருத்தியை அழுத்தினால் மடிப்பின் ஓரத்தில் 'ஸ்ஸ்' என்று காற்றுக் கசியும். தேவனாம்பட்டினத்து உப்புக் காற்றில் அதன் பித்தளை நாக்குகளில் களிம்பு ஏறிவிடும். பஞ்சமம், அதாவது 'ப' சுவரம், ஒரு நாள் பேசும், மறுநாள் பேசாது. பாட்டு டீச்சர் அதை மடியில் வைத்து, பழைய துணியால் துடைத்துவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குவார்.

1984ஆம் ஆண்டு நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். கடலூர் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகரம். டீச்சர் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர்.

அதற்கு முன்பு நான் பாடாத பிள்ளை. ஒன்றாம் வகுப்பில் ஒரு விழாவுக்கு ஒத்திகை நடந்தபோது, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வருடம் காலை வணக்கத்தில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். வீட்டிலும் பாடியதில்லை. ஆறு வயதில் காதில் விழும் சொல் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் என்பது சொன்னவருக்குத் தெரிந்திருக்காது.

டீச்சர் வந்த முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். என்னைப் பாடச் சொல்லவில்லை. சன்னல் பக்கம் அழைத்துச் சென்று, "அதோ வேப்பமரத்தடியில் உன் தம்பி நிற்கிறான். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. இங்கிருந்தே கூப்பிடு பார்க்கலாம்" என்றார். "தம்பீ..." என்று கூப்பிட்டேன். "அந்த 'பீ'யை விடாதே, அப்படியே பிடித்துக்கொள்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியின் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஐந்தரைக் கட்டையில் பெட்டியும் என் குரலும் ஒன்றாகக் கலந்தன (கட்டை என்பது சுருதியின் அளவு; எண் கூடக் கூடச் சுருதி மேலே போகும்). எது என் குரல், எது பெட்டி என்று எனக்கே தெரியவில்லை. "உனக்குப் பாட வராது என்று யார் சொன்னது?" என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

விஷயம் அவ்வளவுதான். காலையில் எங்களுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்தை எடுத்துக்கொடுத்தது ஆண் குரல். ஒன்று, ஒன்றரைக் கட்டை. எட்டு வயதுக் குரலுக்கு அந்தச் சுருதியில் அடிவரிகள் எட்டாது. எட்டாத பிள்ளைகள் முனகுவார்கள், அல்லது மெட்டை விட்டுவிட்டுக் கத்துவார்கள். இரண்டையும் பார்த்து 'சுருதி சேரவில்லை' என்று பிள்ளையின் மேல் பழி போடுவது வழக்கம். டீச்சர் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியை ஐந்து கட்டையில் எடுத்துக்கொடுக்க வைத்தார். மறுநாள் காலை அந்த மைதானத்தில் எழுந்த ஓசையை, அன்று அங்கே நின்ற யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் செய்தார். பாட்டுப் பாடம் என்றால் மாயாமாளவகௌளை ராகத்தில் சுவரங்களை ஏறி இறங்கிப் பாடும் சரளி வரிசைதான் முதலில் வரும். இவர் சின்ன வகுப்புகளுக்கு அதைத் தள்ளிவைத்தார். எங்களுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து ஏற்கெனவே தெரியும். எம்.எஸ்.விஸ்வநாதன் அதற்கு மெட்டமைத்தது மோகன ராகத்தில். ச ரி க ப த என்று ஐந்தே சுவரங்கள், ஒன்றையொன்று உரசாமல் தள்ளித் தள்ளி நிற்பவை. தெரிந்த பாட்டுக்குள்ளிருந்தே அந்த ஐந்தையும் எங்களைப் பொறுக்கி எடுக்க வைத்தார். சரளி வரிசை ஐந்தாம் வகுப்பில்தான் வந்தது. அப்போது அது கடினமாகவே இல்லை. (2021இல் அரசு தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 வினாடிகளில், இசைத்தட்டைத் தவிர்த்து வாயால் பாட வேண்டும் என்றபோது எனக்கு டீச்சர் முகம்தான் தெரிந்தது.)

தாளத்துக்கு வருகிறேன். ஆதி தாளத்தில் ஒரு தட்டுக்குப் பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ண வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மோதிரவிரல் தனியாக மடங்காது. கூடவே சுண்டுவிரலும் வந்துவிடும். அதனால் விரல் எண்ணிக்கையை விட்டுவிட்டு, முதலில் தொடையில் தட்டச் சொன்னார். தட்டுகளை வாயால் சொல்லும் சொற்கட்டுக்கு எங்கள் ஊர்ச் சொற்களையே எடுத்துக்கொண்டார். பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். டீச்சர் மீன் தொடாதவர். பெயர்களை எங்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். தகிடவுக்கு நெத்திலி: நெத்-தி-லி. தகதிமிக்குச் சுறாப்புட்டு: சு-றாப்-புட்-டு. தகதகிடவுக்குக் கானாங்கெளுத்தி: கா-னாங்-கெ-ளுத்-தி. திஸ்ரம் மூன்று, சதுஸ்ரம் நான்கு, கண்டம் ஐந்து. நெத்திலியையும் சுறாப்புட்டையும் சேர்த்துச் சொன்னால் ஏழு, அதுதான் மிஸ்ரம். பள்ளி விட்டுக் கெடிலம் ஆற்றுப் பாலத்தின் மேல் நடந்து போகும்போது ஒரு கூட்டம் நெத்திலி போட, இன்னொரு கூட்டம் கானாங்கெளுத்தி போட, எங்கே இரண்டும் சேர்கின்றன என்று பார்ப்போம். பதினைந்தாவது தட்டில் ஒரு சுற்று முடிந்து, அடுத்த தட்டில் இரண்டு கூட்டமும் ஒன்றாகத் தொடங்கும். அதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஐந்தாம் வகுப்பு முடியும் சமயத்தில் அப்பர் கதையைச் சொன்னார். கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்டவர் பாடிக்கொண்டே மிதந்து நம் ஊர்ப் பக்கம் கரையேறினார் என்பது கதை. அந்த இடத்துக்கே கரையேறவிட்டகுப்பம் என்று பெயர். 'சொற்றுணை வேதியன்' என்ற அந்தப் பாட்டை ஐந்தரைக் கட்டையில் எல்லோரும் பாடினோம். நானும் சத்தமாகப் பாடினேன். டீச்சரை நான் கடைசியாகப் பார்த்தது அந்த வாரம்தான்.

இப்போது சிங்கப்பூரில், ஞாயிறு காலைகளில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறேன். சுருதி கைப்பேசியிலிருந்து வருகிறது. பஞ்சமம் ஒரு நாளும் பேசாமல் இருப்பதில்லை. புதிதாக வரும் பிள்ளையை முதலில் மாடியில் நிற்கும் அம்மாவைக் கூப்பிடச் சொல்கிறேன். போன மாதம் ஒரு பையன், "மாமா, கானாங்கெளுத்தி என்றால் என்ன?" என்று கேட்டான். அடுத்த ஞாயிறு எல்லோரையும் தேக்கா சந்தைக்கு அழைத்துச் சென்றேன். ஈரத் தரையில், மீன் கடைப் பலகைக்கு முன்னால் நின்று அவன் ஒரு முறை மீனைப் பார்த்தான். பிறகு தொடையில் ஐந்து தட்டினான்.