டர்போ வண்டி வாங்கியாச்சு, மொதக் காசை எதுல போடுறது?

ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி 1.5 எடுத்ததுல இருந்து பாக்குற ஆளெல்லாம் கேக்குற கேள்வி ஒன்னுதான், "என்ன மாப்ள, ரீமேப் பண்ணிட்டியா?" ரீமேப்னா, இன்ஜினை ஆட்டி வைக்கிற கம்ப்யூட்டர்ல (அதான் ஈசியூ) இருக்குற புரோகிராமை, அதாவது மேப்பை, மாத்தி பவரை ஏத்துறது. வண்டிக்கு முன்னாடி கட்டுன எலுமிச்சம்பழம் கூட இன்னும் காயல. அதுக்குள்ள ஸ்டேஜ் ஒன்னு, ஸ்டேஜ் ரெண்டுன்னு பவர் ஏத்துற படிகள், டவுன்பைப்புன்னு டர்போவுக்கு அடுத்து வர்ற புகைக்குழாய்னு ஆளாளுக்கு லிஸ்ட் குடுக்குறாங்க. எல்லாருக்கும் தனித்தனியா பதில் சொல்லி மாளல, அதான் மொத்தமா இங்க எழுதிப் போட்டுர்றேன்.

எங்க அத்தை மகன் ஒருபடி மேல போயி "டர்போன்னாலே லேக்கு, மிதிச்சா தாமதமாத்தான் இழுக்கும், பேசாம ஒரு சூப்பர்சார்ஜர் வாங்கி மாட்டிரு"ங்குறான். அவன் நெனைக்கிற மாதிரி அது கடையில வாங்கி மாட்டுற ஹாரன் இல்ல. ரெண்டும் இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புற சாமான்தான். டர்போவை சைலென்சர் வழியா வெளிய போற புகை சுத்திவிடும், சூப்பர்சார்ஜரை இன்ஜினோட மெயின் தண்டான கிராங்க்ல இருந்து வர்ற பெல்ட் சுத்திவிடும், அதனால ஆக்சிலேட்டர்ல கால வச்ச ஒடனே இழுவை வந்துரும், ஆனா அதை சுத்துறதுக்கே இன்ஜின் தன்னோட பவர்ல கொஞ்சத்தைக் குடுக்கணும். நம்ம ஊர்ப்பக்கம் பழைய பென்ஸ் சி200 பின்னாடி கொம்ப்ரெசர்னு எழுதியிருக்கும் பாருங்க, அதுக்கு அர்த்தமே சூப்பர்சார்ஜர்தான். ஆடி 3.0 டிஎஃப்எஸ்ஐ, ஜாகுவார் எஃப்-பேஸ் எஸ்விஆர், ரேஞ்ச் ரோவரோட 5 லிட்டர் வி8 எல்லாம் அந்த ரகம். அந்த மாதிரி வண்டிக்காரங்களுக்கு பவர் ஏத்த ஒரு குறுக்கு வழி இருக்கு, சூப்பர்சார்ஜர் புல்லியை சின்னதா மாத்திட்டா அது இன்னும் வேகமா சுத்தும், பூஸ்ட், அதாவது உள்ள போற காத்தோட அழுத்தம், ஏறும், கூடவே அதுக்கேத்த மேப் ஏத்திக்கிருவாங்க. ஃபோக்ஸ்வாகன்காரனே 2005ல கோல்ஃப் ஜிடியில ஒரு 1.4 லிட்டர் இன்ஜினுக்கு சூப்பர்சார்ஜர், டர்போ ரெண்டையும் சேத்து மாட்டி 170 பிஎஸ் (குதிரைத்திறன்) எடுத்தான். கீழ் ஆர்பிஎம்முக்கு சூப்பர்சார்ஜர், மேல டர்போ. அப்புறம் டர்போவே நல்லா வளந்துருச்சுன்னு அவனே அதை விட்டுட்டான். அவனே விட்டதை நான் மதுரையில ஒரு ஷெட்டுல வச்சு மாட்டணுமாம்.

சூப்பர்சார்ஜரோ டர்போவோ, ரெண்டுக்கும் எதிரி ஒன்னுதான், சூடு. காத்தை அழுத்துனா சூடாகும். வெளிய 40 டிகிரி இருக்குற காத்தை ஒரு பார் பூஸ்ட்டுக்கு அழுத்துனா அதைக் குளுத்துற இன்டர்கூலருக்குப் போறதுக்கு முன்னாடியே அது 100 டிகிரியைத் தாண்டிரும். சூடான காத்துல ஆக்சிஜன் கம்மி, நாக்கிங், அதாவது பெட்ரோல் தாறுமாறா பத்திக்கிறது, வர்ற வாய்ப்பு ஜாஸ்தி, ஒடனே ஈசியூ ஸ்பார்க் அடிக்கிற நேரத்தை (இக்னிஷன் டைமிங்) பின்னாடி இழுத்துரும், நமக்கு பிக்கப் செத்த மாதிரி தெரியும். இந்த இன்ஜின்ல இன்டர்கூலருக்கே தண்ணி கூலிங்தான், அதனால பம்பருக்குள்ள பெருசா ஒன்னு வாங்கி சொருகிருவோம்னு சொல்றதும் லேசுப்பட்ட வேலை இல்ல.

இதைச் சும்மா சொல்லல. வண்டி கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கிற ஓபிடி போர்ட்டுல சொருகுற சின்ன டாங்கிள் ஒன்னு வாங்கி போன்ல ஆப் போட்டுப் பாத்தேன். சித்திரை மாசம் மத்தியானம் கீழவாசல்ல இருந்து சிம்மக்கல் வரைக்கும் ஊந்து ஊந்து போறப்ப இன்டேக் காத்து சூடு அறுபதுக்கு மேல போயி அங்கேயே குத்தவச்சு ஒக்காந்துருச்சு. அதே வண்டி, ராத்திரி பதினோரு மணிக்கு நத்தம் ரோடு பறக்கும் பாலத்துல ஏறி ஒரு மிதி மிதிச்சா வேற வண்டி மாதிரி ஓடுது. ரீமேப் எதுவும் பண்ணாமலே பகலுக்கும் ராத்திரிக்கும் இம்புட்டு வித்தியாசம் இருக்குன்னா, பகல்ல ஏற்கனவே மூச்சு வாங்குற இன்ஜின்ல இன்னும் பூஸ்ட் ஏத்தி என்னத்த சாதிக்கப் போறோம்?

அடுத்தது கியர்பாக்ஸ். வீட்டுல எல்லாரும் ஓட்டணும்னு நான் டிஎஸ்ஜி, அதான் ரெட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், எடுத்தேன். அதுக்குள்ள இருக்குறது டிக்யூ200ங்குற பெட்டி, ஏழு கியர், எண்ணெய்ல முங்காத ட்ரை கிளட்ச் ரெண்டு. அந்தப் பெட்டிக்கு கம்பெனி சொல்ற டார்க் (முறுக்கு விசை) லிமிட் 250 நியூட்டன் மீட்டர். இன்ஜின் கம்பெனியில இருந்து வர்றப்பவே குடுக்குற டார்க்கும் அதே 250, அதுவும் 1600 ஆர்பிஎம்லயே வந்துருது. அதாவது பாத்திரம் ஏற்கனவே விளிம்பு வரைக்கும் நெறஞ்சுதான் இருக்கு. ஸ்டேஜ் ஒன்னு மேப்புல 180 பிஎஸ்ஸைத் தாண்டும், டார்க் 300 பக்கம் போகும்னு ட்யூனர்கள் சொல்றாங்க, வண்டி பறக்கும்ங்குறதுல எனக்கு சந்தேகமே இல்ல, கிளட்ச் எத்தனை நாளைக்கு அதைத் தாங்கும்ங்குறதுதான் என் கவலை. இதுல நம்ம ஊரு டிராஃபிக்ல வேற, பிரேக்கை லேசா விட்டு விட்டு ஊந்தா ட்ரை கிளட்ச் வழுக்கி வழுக்கி சூடாகும். முன்னாடி ஒரு வண்டி எடம் விட்டு நின்னு, ஒரேயடியா நகந்து போயி நிக்கிறதுதான் அதுக்கு நல்லது. பின்னாடி ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பாரு, அடிச்சுக்கட்டும்.

அப்ப ரீமேப்பே வேணாமான்னா, அப்படியும் இல்ல, ட்யூனர்கிட்ட கேக்குற விதத்துல கேக்கணும். கம்பெனி மேப்புல 250 டார்க் 3500 ஆர்பிஎம் வரைக்கும்தான் நிக்கும், அதுக்கு மேல எறங்கிரும். அதே 250ஐ கூட்டாம 5000 வரைக்கும் பிடிச்சு வச்சாலே கணக்குப்படி 178 பிஎஸ் வந்துரும், ஏன்னா பவர்ங்குறதே டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்குனதுதானே. கியர்பாக்ஸ் லிமிட்டுக்குள்ளயே நிக்கும், மேல இழுவையும் கூடும். "கீழ கிக்கு இருக்காதே"ன்னு சொல்லுவாங்க. எனக்கு கிக்கு வேணாம். மேனுவல் வச்சிருக்குற பங்காளிகளுக்கும் இதையேதான் சொல்லுவேன், கீழ் ஆர்பிஎம்ல டார்க்கை ஏத்திவிட்டு ஆறாவது கியர்ல 1500ல வண்டி உருண்டுக்கிட்டு இருக்கும்போது ஃபுல்லா மிதிச்சா, இந்த மாதிரி சின்ன டர்போ இன்ஜின்ல நேரம் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கிட்டு பிஸ்டனையே காலி பண்ணிரும். கியரைக் கொறைச்சுட்டு மிதிங்க.

ஆனா அந்த மேப்பையும் நான் இப்ப பண்ணப் போறதில்ல. வாரண்டி 4 வருஷம் இல்ல 1 லட்சம் கிலோமீட்டர் இருக்கு. ஈசியூவுல கை வச்சது தெரிஞ்சா சிஸ்டத்துல டிடி1னு ஒரு குறி விழுந்துரும், அப்புறம் இன்ஜின், கியர்பாக்ஸ் எதுக்கும் வாரண்டி கேக்க முடியாது. பழைய மேப்பையே திரும்பப் போட்டுட்டு சர்வீஸுக்கு விட்டா தெரியாதுங்குறவங்க இருக்காங்க, எத்தனை தடவை ஃபிளாஷ் பண்ணிருக்குன்னு உள்ள ஒரு கணக்கு ஓடும்ங்க. டூனிங் பாக்ஸ்னு ஒன்னு விக்கிது, சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவுல ஒக்காந்து பூஸ்ட் கம்மியா இருக்குன்னு பொய் சொல்லி கூடுதல் பூஸ்ட் வாங்கும். கழட்டிட்டா தடம் தெரியாதுதான், ஆனா இன்ஜின்கிட்டயே பொய் சொல்லி வேலை வாங்குற சமாச்சாரம் எனக்குப் பிடிக்கல. போலீஸ், ஆர்டிஓ பக்கம் பாத்தா, ஆர்சியில இருக்குற விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்லுது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிருச்சு. அனுமதி இல்லாம மாத்துனா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபா ஃபைன். இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லாம மாத்தி வச்சிருந்தா, ஒரு ஆக்சிடெண்ட்னு வர்றப்ப கிளைமை மறுக்க அவங்களுக்கு அதுவே போதும்.

சில்லறை ஐட்டங்களை வேகமா சொல்லிர்றேன். ஓப்பன் ஃபில்டர், அதான் அந்தக் கூம்பு மாதிரி இருக்குறது, மதுரை வெயில்ல இன்ஜின் ரூமுக்குள்ள இருக்குற சூட்டுக் காத்தையே திருப்பி உறிஞ்சும், கூடவே மேலூர்ப் பக்கம் போனா புழுதி வேற, நல்லா உஸ்ஸுன்னு சத்தம் மட்டும் வரும். கேட்பேக் எக்சாஸ்ட், அதாவது பின்பக்கத்துக் குழாயும் சைலென்சரும் மாத்துறது, அதுவும் சத்தம்தான், டர்போ வண்டியில நிஜமான தடை புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்குற டவுன்பைப்புல, அதை எடுத்தா புகை சோதனையில நிக்காது. ஸ்பிரிங் வெட்டி தாழ்த்துறது... காலி வண்டியில 179 மில்லிமீட்டர் உயரம் இருக்கு, உசிலம்பட்டிக்கு அங்கிட்டு குலசாமி கோயிலுக்கு அஞ்சு பேரும் பொங்கப் பானையும் ஏறிப் போறப்ப ஊருக்கு ஊரு பெயிண்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர்ல இருக்குற உயரமே பத்தல.

நான் மொதக் காசு போட்டது பிரேக்குல. இந்த வண்டிக்குப் பின்னாடி டிரம்தான், விலைக்கு டிஸ்க் குடுத்திருக்கலாம், குடுக்கல. ஊருக்குள்ள ஒன்னும் தெரியாது. கொடைக்கானல்ல இருந்து வத்தலகுண்டு எறங்குறப்ப தெரியும், பாதி எறக்கத்துல பாலாடைக்கட்டி கருகுன மாதிரி ஒரு வாடை வந்து பெடல் லேசா உள்ள போகும். அதுக்கு பெரிய டிஸ்க் கிட்டெல்லாம் தேவையில்ல. முன்னாடி நல்ல பேடு, பிரேக் ஃப்ளூயிட் புதுசு, இது ரெண்டும் போதும். டாட் 4 ரக பிரேக் ஃப்ளூயிட் புதுசா இருக்குறப்ப குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஆனா அது காத்துல இருக்குற ஈரத்தை இழுக்குற ஜாதி, தண்ணி சேந்துட்டா 155லயே கொதிச்சுரும், கொதிச்சா குமிழி, குமிழி வந்தா பெடல் பஞ்சு. பானெட்டைத் தொறந்து டப்பாவைப் பாருங்க, புதுசு வெளுத்த தேன் கலர்ல இருக்கும், டீ டிகாஷன் மாதிரி கருத்துருந்தா மாத்துற நேரம் தாண்டிப் போச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். எறங்குறப்ப டிஎஸ்ஜியை டியில விட்டுட்டு பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு இருக்குறதுக்குப் பதிலா, மேனுவல் மோடுல ரெண்டு, மூணாவது கியர்ல பிடிச்சு வச்சு எறங்குனா பாதி வேலையை இன்ஜினே பாத்துக்கும், பவர் கூட்டுறதுக்கு முன்னாடி இதைத்தான் பழகணும்.

அடுத்தது டயர். முன் வீல்ல இம்புட்டு டார்க் வர்ற வண்டி, ஐப்பசி மழையில ரிங் ரோட்டுல சிக்னல்ல இருந்து கெளப்பும்போது வீல் அப்படியே சுத்தும், டிராக்ஷன் லைட்டு மினுக் மினுக்குன்னு எரியும், இருக்குற பவரே ரோட்டுல எறங்கலைன்னு அர்த்தம். கம்பெனி சைஸ் 205/55 ஆர்16. நெறய பேரு இன்னும் அகலமான 225/50 ஆர்16 போடச் சொல்றாங்க, மொத்த விட்டம் கிட்டத்தட்ட ஒன்னுதான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, ஆனா ஸ்டியரிங் கனக்கும், மைலேஜ் எறங்கும், தண்ணி தேங்குன ரோட்டுல அகல டயர் சீக்கிரமே மெதக்கவும் செய்யும். நான் 205/55லயே ரப்பர் காம்பவுண்ட் நல்லதாப் பாத்து எடுக்குறேன்னு முடிவு பண்ணேன். ஒரு விசயம், மாத்துறதா இருந்தா வண்டி எடுத்த புதுசுலயே மாத்திருங்க, கம்பெனி டயர் புதுசா இருக்குறப்ப டயர் கடைக்காரரே நல்ல விலைக்கு எடுத்துக்குவாரு, 5000 கிலோமீட்டர் ஓடிட்டா பாதி விலை கூட கேக்க மாட்டாரு. கடையில மாட்டுறதுக்கு முன்னாடி சைடுல டாட்னு ஆரம்பிக்கிற வரிசையோட கடைசி நாலு நம்பரைப் படிங்க, 2324ன்னு இருந்தா 2024ல 23வது வாரம் செஞ்சது. எனக்கு எடுத்துட்டு வந்த நாலுல ஒன்னு மட்டும் மத்த மூணை விட ஒன்றரை வருஷம் பழசு. "எல்லாம் ஒரே டயர்தான் தம்பி"ன்னாரு. அப்ப புதுசையே குடுங்கண்ணேன்னு சொல்லி ஒக்காந்துட்டேன், டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள குடோன்ல இருந்து வேற வந்துருச்சு.