‘லோ’வில் குளிர்ந்தது, 23-இல் சுட்டது: பழைய காரின் ஆட்டோ ஏசியோடு ஒரு மல்லுக்கட்டு

வெளியே வெயில் கொளுத்துகிறது. காருக்குள் 23 டிகிரி வைத்து, அந்த அளவை ஏசியே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ பொத்தானை அழுத்தியிருக்கிறேன். பத்து நிமிடம் ஒழுங்காகக் குளிர்ந்துகொண்டிருந்த ஏசி, திடீரென்று மனம் மாறி முகத்தில் அனலை ஊதுகிறது. உச்சி வெயிலில் தானாகவே ஹீட்டரைத் திறந்துவிடும் வண்டியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் பட்ட பாடு இது. இப்போது சரியாகிவிட்டது. ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

வண்டிக்கு 19 வயது. ஹீட்டர் கோளாறு போதாதென்று கண்ட்ரோல் பேனலின் டிஸ்ப்ளேயும் அவ்வப்போது அணைந்துவிடும். டேஷ்போர்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் திரும்ப வரும். இந்த இரண்டும் ஒரே நோய் என்று நான் நினைத்ததுதான் முதல் தப்பு.

முதல் மெக்கானிக், பானட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு சொல்லிவிட்டார்: “காஸ் கம்மியா இருக்கு சார்.” பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்க்கவில்லை. நிரப்பினார். இரண்டு நாள் கழித்து அதே அனல். திரும்பப் போனால் இன்னும் கொஞ்சம் நிரப்பினார். இப்போது இருந்த குளிர்ச்சியும் குறைந்துபோனது. காஸ் அதிகமானாலும் அழுத்தம் ஏறி ஏசி சரியாகக் குளிராது. பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் போட வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. முழுக்க வெளியே எடுத்து, எடை போட்டு நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதால், கூடுதலாகப் போட்டதை வெளியே எடுப்பதற்காக மூன்றாவது முறையும் அதே வாசலில் நின்றேன்.

அங்கே போகும் முன் ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது. வெப்பநிலைப் பொத்தானைக் கடைசி வரை குறைத்து ‘லோ’ என்று வரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். அந்த நிலையில் என் வண்டியின் யூனிட், அதாவது பேனலோடு சேர்ந்த ஏசியின் மூளை, எந்த சென்சாரையும் பொருட்படுத்துவதில்லை. ஹீட்டர் பக்கத்து ஃப்ளாப்பை (காற்றுக் கதவை) முழுக்க மூடிவிட்டுக் குளிர்காற்றை மட்டும் அனுப்பும். என் வண்டி ‘லோ’வில் பல் நடுங்கும் அளவுக்குக் குளிர்ந்தது, 23-இல் வைத்தால்தான் சுட்டது. அப்படியென்றால் காஸ், கம்ப்ரசர் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. எவ்வளவு குளிர்ச்சி வேண்டும் என்று கணக்குப் போடும் இடத்தில்தான் குழப்பம். இது எனக்கு உறைத்தபோது காஸுக்கு இரண்டு முறை பணம் கொடுத்திருந்தேன்.

இரண்டாவது மெக்கானிக் கொஞ்சம் விவரமானவர் போலத்தான் தெரிந்தார். பேனலைக் கழற்றி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “யூனிட் போச்சு. புதுசு இப்போ வர்றதில்ல. பழைய யூனிட் கிடைச்சா கொண்டாங்க, மாட்டித் தர்றேன்” என்றார். நான்கு இடம் அலைந்து ஒரு பழைய யூனிட் பிடித்தேன். பார்க்க அச்சு அசல் அதேதான். பின்னால் ஒட்டியிருந்த எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் வேறு. “அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், எல்லாம் ஒரே சரக்குதான்” என்றார் விற்றவர். மாட்டினால் விளக்கு எரிந்தது, டிஸ்ப்ளே வந்தது, டேஷ்போர்டுக்குள்ளிருந்து டக் டக் டக் என்று ஃப்ளாப் மோட்டார் அடிக்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. அந்த இரண்டு இலக்கங்கள் வேறு வகை மோட்டாருக்கானவை. திருப்பிக் கொடுக்கப் போனால், எலெக்ட்ரிக்கல் பொருளைத் திரும்ப வாங்கும் வழக்கம் இல்லையாம். வாங்கும்போது யாரும் இதைச் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் ரேடியோ செத்தது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் மின்சாரம் போனால் ரேடியோ ரகசிய எண் கேட்கும். அந்த எண் அச்சிட்ட அட்டை, வண்டியோடு வந்த கையேட்டுப் பையில் இருந்திருக்க வேண்டும். பை இருக்கிறது, கையேடு இருக்கிறது, அட்டை இல்லை. பழைய வண்டியில் பேட்டரி வயரைத் தொடும் முன் அந்த அட்டை கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி யாரையும் நம்புவதில்லை என்று நானே இறங்கினேன்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருந்தேன். ஏர்பேக் இருக்கிற டேஷ்போர்டில் இது கட்டாயம். சில கையேடுகள் 90 விநாடி போதும் என்கின்றன. எனக்குப் பயம் அதிகம். பிளாஸ்டிக் பட்டைகளை நெம்ப ஸ்க்ரூட்ரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்புகோல் வாங்கிக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் வெயிலில் காய்ந்த கிளிப் அப்பளம் மாதிரி உடையும். நான் மூன்றை உடைத்தேன். ஒரு திருகு டேஷ்போர்டுக்குள் விழுந்து காணாமலே போய்விட்டது.

பேனலைப் பிரித்து சர்க்யூட் போர்டை வெளியே எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கனெக்டர் பின்கள் போர்டில் சேரும் இடத்தில், சால்டர் எனும் ஈயப்பற்றைச் சுற்றி மயிரிழை போல ஒரு விரிசல் வளையம். ஒன்றல்ல, நான்கு பின்களில். வருடக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அதோடு ரோட்டின் அதிர்வும் சேர்ந்து சால்டர் விரிசல் விட்டிருக்கிறது. நான் தட்டும்போதெல்லாம் டிஸ்ப்ளே உயிர் பெற்றதன் ரகசியம் அதுதான். பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டு, சால்டர் நன்றாகப் பிடிக்க ஃப்ளக்ஸ் தடவிப் புதிதாக வைத்தேன். பழையதன் மேலேயே புதிதாக அப்பினால் சீக்கிரமே மறுபடியும் விரிசல் விடும். கையோடு, அடிப்பக்கம் ஈரம் கசிந்திருந்த இரண்டு கெப்பாசிட்டர்களையும் மாற்றினேன். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை. ப்ளஸ் மைனஸ் மாறாமல் இருக்க, கழற்றும் முன் போனில் ஒரு படம். இதெல்லாம் ஒரு மணி நேர வேலை.

டிஸ்ப்ளே கல் மாதிரி நின்றது. அன்றைக்கு நான் அடைந்த பெருமிதம் அடுத்த நாள் மத்தியானம் வரைதான். மறுபடியும் அனல்.

அப்போதுதான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். என் வண்டியில் ஆட்டோ பொத்தானையும் உள்காற்றையே சுழற்றும் பொத்தானையும் சேர்த்து அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்பினால் யூனிட் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு பழுது எண்ணைக் காட்டுமாம். எந்தப் பொத்தான்கள் என்பது வண்டிக்கு வண்டி மாறும். இரண்டு மெக்கானிக்குகளும் இதைச் செய்யவில்லை, 19 வருடமாக நானும் செய்யவில்லை. அழுத்தினேன். வந்த எண்ணுக்குப் பட்டியலில் பார்த்தால், டேஷ்போர்டின் மேல் இருக்கும் வெயில் சென்சார் பழுது! அடடா, பிடித்துவிட்டோம் என்று துள்ளி, புது சென்சாருக்குச் சொல்லியும் வைத்தேன். நல்லவேளை, அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் ஒரு வரி: இருட்டில் சோதித்தால் இந்த எண் வரத்தான் செய்யும். நான் சோதித்தது மூடிய கராஜில். வண்டியை வெயிலுக்குத் தள்ளித் திரும்பவும் சோதித்தேன். எண் காணோம்.

ஆகப் பழுது எண்ணும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. மிச்சம் இருந்தது உள்காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார். ஸ்டியரிங் அருகே சின்னத் துளைகள் போட்ட ஒரு மூடி இருக்கும். அதற்குப் பின்னால் அது ஒளிந்திருக்கிறது. சூடு ஏற ஏற இதன் ரெசிஸ்டன்ஸ் குறையும், குளிரக் குளிரக் கூடும். என்னுடையது 25 டிகிரியில் சுமார் 10,000 ஓம் காட்ட வேண்டிய வகை. உங்கள் வண்டிக்குக் கையேட்டைப் பாருங்கள். சென்சாரை மட்டும் மல்டிமீட்டரில் வைத்தால் சரியான அளவு. கனெக்டருக்கு அந்தப் பக்கம், யூனிட்டுக்குப் போகும் வயரில் வைத்து அளந்தால் அதைவிட மூன்று மடங்கு! வயரை ஆட்டினால் முள் குதிக்கிறது. பிரித்துப் பார்த்தேன், பின் முழுக்கப் பச்சைப் பாசி போல அரிப்பு. அரிப்பு சேர்த்த ரெசிஸ்டன்ஸை யூனிட் குளிர் என்று புரிந்துகொண்டிருக்கிறது. உள்ளே நான் வெந்துகொண்டிருக்க, அதன் கணக்கில் வண்டிக்குள் கிட்டத்தட்ட உறைபனி. பாவம், குளிரில் நடுங்குகிறானே என்று எனக்கு ஹீட்டரைப் போட்டு விட்டிருக்கிறது. அதாவது அனல் விஷயத்தில் யூனிட் கடைசி வரை நல்ல யூனிட்தான். அதைத்தான் தூக்கிப் போடச் சொன்னார்கள்.

கனெக்டரில் இவ்வளவு அரிப்பு இருந்தும் பழுது எண் ஏன் வரவில்லை என்றால், வயர் முழுக்க அறுந்தால்தான் அது எண் காட்டும். பொய் சொன்னால் நம்பிவிடும்.

பின்னைச் சுத்தம் செய்து மாட்டினேன். அனல் நின்றது. இப்போது நேர்மாறு: 23 வைத்தால் ப்ளோயர் முழு வேகத்தில் சுழன்று கைகால் விறைக்கிறது, குறையவே மாட்டேன் என்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டைக் கிழித்து அந்த மூடியின் துளைகள் மேல் வைத்தேன். ப்ளோயர் ஓடும்போது லேசாக உறிஞ்சி ஒட்டிக்கொள்ள வேண்டும். பொத்தென்று கீழே விழுந்தது. மூடியைக் கழற்றினால், அறைக் காற்றை சென்சார் மேல் இழுத்துவரும் சின்னக் குழாய் கழன்று தொங்குகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் தேங்கிய சூட்டைத்தான் சென்சார் அளந்துகொண்டிருந்திருக்கிறது. பேனலைக் கழற்றிய இரண்டாவது மெக்கானிக்தான் அதை இடித்திருப்பார் என்பது என் எண்ணம். அவருக்குப் பிறகு கழற்றியவன் நானும்தான் என்பதால் ரொம்பவும் சத்தம் போட முடியவில்லை.

குழாயைச் சொருகினேன். பேட்டரியை மாட்டிச் சாவி போட்டதும் ஃப்ளாப் மோட்டார்கள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒருமுறை போய்வந்து தங்கள் இடத்தைக் கற்றுக்கொள்ளும். அந்த ஒரு நிமிடம் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 23 வைத்தேன். ப்ளோயர் இரைந்து, மெல்ல மெல்லத் தணிந்து, கடைசியில் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு அடங்கியது. அந்த நிசப்தத்தைக் கேட்க மூன்று மாதம் ஆனது.

வீணாக வாங்கிய பழைய யூனிட்டும் முழுக்க வீணாகவில்லை. என் பேனலில் உடைந்திருந்த ஒரு பொத்தானும், பீஸாகிப்போன இரண்டு குட்டி பல்புகளும் அதிலிருந்து கிடைத்தன. தொலைந்த திருகு மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் டேஷ்போர்டுக்குள் உருள்கிறது. ரேடியோ இல்லாததால் அந்தச் சத்தம் நன்றாகவே கேட்கிறது.