தண்டுவட ஸ்டிமுலேட்டர்: சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள

நாள்பட்ட முதுகுவலிக்கு ஸ்டிமுலேட்டர் (தண்டுவடத்தருகே வைத்த ஒயர் வழியே பேட்டரியிலிருந்து மெல்லிய மின்சாரம் அனுப்பி வலியைக் குறைக்கும் கருவி) வைக்கப் புதுச்சேரிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஷாக் அடிக்குமா?" சீழைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. 100 பேருக்கு வைத்தால் 3 முதல் 6 பேருக்குக் கிருமி சேர்கிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முதுகில் ஒயர் போன இடத்தைவிட, இடுப்புக்குக் கீழே தோலுக்கடியில் பேட்டரி வைத்த பையில்தான் அது அதிகம். பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ், அதாவது அவரவர் மூக்கிலும் தோலிலும் ஏற்கெனவே குடியிருக்கிற கிருமி.

அதனால் வேலை ஆபரேஷன் தியேட்டருக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தேதி குறிக்க அவசரப்பட வேண்டாம். பீடி, சிகரெட் 4 வாரம் முன்பே நிற்க வேண்டும். சொத்தைப் பல், கால் புண், நீர்க்கடுப்பு எது இருந்தாலும் முதலில் அதை முடித்துவிட்டு வரவேண்டும். இந்தக் கடலோரத்தில் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் இன்னொன்று: அரைஞாண் கயிறு. வியர்வையில் ஊறிய கயிற்றை நகர்த்தினால் அடியில் படர்தாமரை வட்டம் இருக்கலாம். மருந்துக்கடையில் வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பு பூசியிருந்தால் சிவப்பு மங்கி, ஆறியது போலத் தெரியும், ஆறியிருக்காது. அதைக் குணப்படுத்திய பிறகுதான் ஆபரேஷன்.

மூக்கில் பஞ்சு வைத்து எடுக்கும் சோதனையில் ஸ்டாஃப் வந்தால், மூக்கினுள் முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு தினம் இரண்டு வேளை, 5 நாள். கூடவே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் குளியல். ஆபரேஷனுக்கு முந்தைய இரவும் அன்று காலையும் குளித்த பிறகு எண்ணெய், பவுடர் எதுவும் படக்கூடாது. வீட்டிலேயே ரேசர் போட்டுச் "சுத்தமாக" வருவது பெரிய தப்பு. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் கிருமிக்கு வாசல். முடி எடுக்க வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுப்பார்கள்.

பேட்டரிக்கு இடம் குறிக்கும்போது படுத்திருக்கக் கூடாது. வழக்கமான உடையோடு உட்கார்ந்து, நின்று காட்ட வேண்டும். பாவாடை நாடாவோ பெல்ட்டோ அந்த இடத்தில் உரசினால் தையல் ஆறாது. பிற்பாடு தோல் தேய்ந்து திறந்துகொள்ளவும் கூடும்.

தியேட்டரில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கீறுவதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் 2 கிராம் போனதா? எடை 120 கிலோவைத் தொட்டால் 3 கிராம். அதற்குப் பதில் வேன்கோமைசின் என்றால் மெதுவாக ஏற்ற வேண்டும், ஆகவே முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

நிரந்தரமாக வைக்கும் முன் தற்காலிகமாக வைத்துப் பார்க்கும் டிரையல் நாட்கள்தான் உண்மையில் திறந்த கதவு. ஒயர் தோலைத் துளைத்து வெளியே பெட்டியோடு இணைந்திருக்கும். வலி பாதிக்குப் பாதி குறைகிறதா என்று தெரிய 5 முதல் 7 நாள் போதும். "அமாவாசை கழியட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்று இழுத்து 10 நாளைத் தாண்டினால் கிருமி சேரும் வாய்ப்பு ஏறுகிறது. குளியல் கிடையாது, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. கத்திரி வெயிலில் பிளாஸ்டரின் ஓரம் வியர்த்துக் கிளம்பும். அதன்மேல் இன்னொரு பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். அடியில் ஈரம் நின்றுவிடும். கடலூரிலிருந்து பஸ் ஏறியாவது வந்து கட்டை மாற்றிக்கொள்வது மேல்.

நிரந்தரமாக வைத்த பிறகு 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். மஞ்சள், திருநீறு, வேப்பெண்ணெய் எதுவும் புண்ணருகே வேண்டாம். முதல் வாரம் லேசான வீக்கம் சகஜம். பேட்டரியைச் சுற்றித் தளதளவென்று நீர் கோத்து, சூடும் சிவப்பும் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் தானே வற்றிவிடும். அதைத் தெருமுனை கிளினிக்கில் ஊசி குத்தி உறிஞ்சவே கூடாது. இல்லாத கிருமியை நாமே உள்ளே அனுப்புவது போல.

குறைந்துகொண்டிருந்த வலி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு மறுபடி ஏறுவது, தையல் ஓரம் கசிவது, சிவப்பு படர்வது இவைதான் அபாயக் குறி. பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும், அதனால் மாத்திரைக்கு முன் தெர்மாமீட்டர். 100.4 டிகிரியைத் தொட்டால் வைத்த டாக்டரிடமே போக வேண்டும். இடையில் யாரோ எழுதித் தந்த ஆன்டிபயாடிக்கை விழுங்கிவிட்டுப் போனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளராமல் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்று பிறகு ஊகிக்கத்தான் வேண்டும். புதிதாகக் கடும் முதுகுவலி, கால் தளர்வு, சிறுநீர் அடைப்பு என்றால் தண்டுவடத்தை ஒட்டிச் சீழ் கட்டியிருக்கலாம். நடுராத்திரியானாலும் நரம்பியல் அறுவை சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கையில் கருவியின் அட்டை இருக்கட்டும். அது எந்த மாடல் என்று தெரியாமல் எம்ஆர்ஐ எடுக்க மாட்டார்கள்.

மேல்தோலோடு நின்ற தொற்று மருந்தில் ஆறலாம். பேட்டரி வரை இறங்கிவிட்டால், "லட்சக்கணக்கில் போட்டாச்சே, ஒயரையாவது விட்டுவைக்கலாமே" என்று கெஞ்சுவார்கள். ஆனால் கிருமி உலோகத்தின்மேல் பாசி போல ஒட்டிப் படலம் கட்டிக்கொள்ளும், மருந்து அதை எளிதில் துளைத்துப் போகாது. ஒயரோடு சேர்த்து முழுவதையும் எடுத்துவிட்டு, கிருமி ஒழிந்தது உறுதியான பிறகு, சில மாதம் கழித்துத்தான் புதிது வைக்க முடியும்.