முள் டயரிலேயே இருந்தது

ஞாயிறு காலை நண்பர்கள் 4 பேர் சைக்கிளில் கிளம்பினோம். அரை மணி நேரம்கூட ஓட்டியிருக்க மாட்டோம், என் பின்சக்கரம் தரையோடு ஒட்டிவிட்டது. பையில் பஞ்சர் ஒட்டும் சாமான் இருந்ததால் கவலைப்படவில்லை. ஒட்டினேன், காற்றடித்தேன், கிளம்பினோம். 10 நிமிடத்தில் மறுபடியும் காற்று இறங்கிவிட்டது.

ஒட்டுதான் விட்டுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் நண்பன் முதலில் டியூபைத் தொடவே இல்லை. கைக்குட்டையை டயரின் உள்பக்கம் வைத்து மெதுவாகச் சுற்றித் துடைத்துக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் துணி மாட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு முள்முனை! முதல் ஓட்டைக்குப் பக்கத்திலேயே அது இன்னொரு ஓட்டை போட்டிருந்தது.

அப்புறம் அவன் ஒட்டிய விதத்தையும் சொல்ல வேண்டும். டியூபை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தான். சொல்யூஷனைத் தடவிவிட்டு, ஈரப் பளபளப்பு போகும்வரை பொறுமையாகக் காத்திருந்தான். நான் எப்போதும் ஈரத்தோடேயே ஒட்டிவிடுவேன். அப்படிச் செய்தால் பிடிப்பு வராதாம். தண்ணீர் இல்லாததால், லேசாகக் காற்றடித்து டியூபைக் கன்னத்தருகே பிடித்தே ஓட்டையைக் கண்டுபிடித்தான். இதைத்தான் நான் மிகவும் ரசித்தேன்.

மற்ற இருவரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. மர நிழலில் உட்கார்ந்து பழைய கதைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். நினைத்த இடத்துக்குப் போகவில்லை, பாதியிலேயே திரும்பினோம். ஆனாலும் இவ்வளவு நேரம் சேர்ந்து பேசி எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

இரவு டயரை அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருக்கிறது. நன்றிடா!