புராஜெக்ட் வைவா: ஃபைல் மாடலில் என்ன கேட்பார்கள்?

எம்.சி.ஏ. கடைசி செமஸ்டரில் நாங்கள் எடுத்தது நெல் கொள்முதல் நிலையத்துக்கான பதிவு ஆப். மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுப்பு முடிந்தால் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல்களோடுதான் விவசாயிகள் நிற்பார்கள். டெல்டா கல்லூரிகளில் இந்தத் தலைப்பைக் கேட்டு யாரும் மயங்கிவிட மாட்டார்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸ்டெர்னல், டேட்டாபேஸ் டேபிள்களின் அமைப்பை எழுதிவைக்கும் மாடல் ஃபைலைத்தான் நேராகத் திறக்கச் சொன்னார்.

ஜாங்கோவில் (பைத்தானில் வெப் ஆப் எழுதும் ஃபிரேம்வொர்க்) செய்கிறவர்கள் பலர் விவசாயி டேபிளிலேயே சிட்டாவுக்கு ஒன்று, அடங்கலுக்கு ஒன்று என்று ஃபைல்ஃபீல்டு, அதாவது ஃபைல் ஏற்றும் கட்டம், போட்டுவிடுகிறார்கள். ஒருவருக்கு இரண்டு ஊரில் நிலம் இருந்தால் இரண்டாவது சிட்டா எங்கே போகும்? நாங்கள் 'இணைப்பு' என்று தனி மாடல் வைத்தோம். விவசாயிக்கு ஃபாரின் கீ (எந்த விவசாயியுடையது என்று காட்டும் இணைப்பு எண்), ஆவண வகை, ஃபைல், அசல் பெயர், அவ்வளவுதான். எந்த டேபிளோடும் இணைக்கக்கூடிய ஜெனரிக் ஃபாரின் கீ கெத்தாகத் தெரியும். இந்த அளவு புராஜெக்ட்டுக்கு வேண்டாத வேலை.

அசல் பெயர் எதற்குத் தனியாக என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். தமிழில் பெயர் வைத்து ஒரு ஃபைலை ஏற்றிக் காட்டுங்கள், அது போதும். ஜாங்கோ பெயரைச் சுத்தம் செய்யும்போது எழுத்து, எண், கோடு, புள்ளி தவிர மற்றதைத் தூக்கிவிடும். பைத்தான் கணக்கில் நம் துணைக்காலும் கொம்பும் மெய்ப்புள்ளியும் எழுத்தில் சேராது. 'சிட்டா' என்று ஏற்றினால் 'சடட' என்று சேமிக்கும். 'அடங்கல்' போய் 'அடஙகல' வரும். அதனால் ஃபைல் எங்கே, எந்தப் பெயரில் சேமிக்கப்படும் என்று சொல்லும் அப்லோட்-டுவில் ஒரு ஃபங்ஷன் கொடுத்து, யூயூஐடியை (ஒன்றோடொன்று மோதாத நீளமான அடையாளக் குறி) பெயராக வையுங்கள். விவசாயி வைத்த பெயர் தனி ஃபீல்டில் இருக்கட்டும். அந்த ஃபங்ஷனில் இணைப்பின் சொந்த ஐடியைப் பாதையில் சேர்க்காதீர்கள். முதல் முறை சேமிக்கும்போது அந்த ஐடி இன்னும் பிறந்திருக்காது.

மற்ற கேள்விகள் வழக்கமானவை. டேட்டாபேஸில் இருப்பது பாதை மட்டும், இயல்பாக 100 எழுத்து வரை. ஃபைல் இருப்பது மீடியா ரூட் என்ற ஃபோல்டரில். ஏற்றும் ஃபைலை ஜாங்கோ 2.5 எம்பி வரை மெமரியில் வைக்கும், மீறினால் தற்காலிக ஃபைல். எக்ஸ்டென்ஷன் வேலிடேட்டர் (ஃபைல் வகையைச் சரிபார்ப்பது) .pdf, .jpg போன்ற பெயரின் வாலைத்தான் பார்க்கும், உள்ளே இருப்பதைப் பார்க்காது.

அப்புறம், "ரோவை அழித்தால் ஃபைல் அழியுமா?" என்பார். அழியாது, ஜாங்கோ 1.3 பதிப்பிலிருந்தே இப்படித்தான். ரோ அழிந்ததும் ஜாங்கோ அனுப்பும் போஸ்ட் டெலீட் சிக்னலில் ஃபைலை நீங்களே அழிக்க வேண்டும். அழித்த கையோடு மீடியா ஃபோல்டரைத் திறந்து காட்டிவிடுங்கள், அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.