சரிவு வீட்டின் கீழ் அறைக்குப் பெரிய ஜன்னல்: இதுவரை நடந்த வேலை

கோலாலம்பூரின் பங்சார் மேட்டுப்பகுதியில் எங்கள் வீடு சரிவில் நிற்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் ஒற்றை மாடி; பக்கவாட்டுப் படியில் இறங்கினால் கீழே இன்னோர் அறை. அதன் ஒரு சுவருக்கு வெளியே ஐந்தடி உயரத்துக்கு மண். மகள் படுப்பது அங்கேதான். ஜன்னல் நாலடி அகலம், ஒன்றரை அடி உயரம், அதுவும் எட்டாத உயரத்தில். பகலிலும் விளக்கு போட வேண்டும். அதைவிட உறுத்தியது, கதவுப் பக்கம் தீப்பிடித்தால் அவள் வெளியே வர வேறு வழியே இல்லை என்பது.

மலேசியக் கட்டட விதிகளான யூபிபிஎல், படுக்கையறைக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காடு ஜன்னலும், 5 விழுக்காடு காற்றுப் போகும் திறப்பும் கேட்கிறது. அறை 12-க்கு 10 அடி. அப்படியானால் 12 சதுர அடி வேண்டும், இருந்தது 6. தப்பிக்கும் வழிக்கு அமெரிக்க விதியின் அளவை எடுத்துக்கொண்டேன்: திறப்பு குறைந்தது 5.7 சதுர அடி, ஜன்னலின் அடி விளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது.

அகலத்தைத் தொடவில்லை. பக்கவாட்டில் விரித்தால் மேலே புது லிண்டல் (ஜன்னலுக்கு மேல் சுமை தாங்கும் விட்டம்) போட வேண்டும். கீழ்நோக்கி இரண்டடி இறக்கினால் பழைய லிண்டலே போதும். ஜன்னல் 14 சதுர அடி ஆகும், அடி விளிம்பு 42 அங்குலத்துக்கு வந்துவிடும்.

ஆனால் அது மண்ணைத் தாங்கும் கான்கிரீட் சுவர். பொறியாளர் பார்க்காமல் உளி வைக்கவே கூடாது. வந்து பார்த்தவர் கம்பி எங்கே ஓடுகிறது என்று ஸ்கேன் செய்தார், கணக்குப் போட்டார், வரைபடம் வரைந்து மாநகராட்சியான டிபிகேஎல்லின் அனுமதிக்கும் அவரே கொடுத்தார். அன்று அவர் சொன்னது: “தம்பி, சுவர வெட்டுறது பெரிய வேலை இல்ல. தண்ணிய எங்க விடப்போறீங்க, அத மொதல்ல சொல்லுங்க.”

அதனால் சுவரைத் தொடும் முன்பே வெளியே பள்ளம் தோண்டினோம். ஜன்னலுக்கு முன் மூன்றடி நீளம் விட்டு, மண்மட்டத்திலிருந்து இரண்டரை அடி ஆழம். சுற்றிலும் செங்கல் தடுப்பு, இடையிடையே நீர் கசியத் துளைகள். அடியில் நாலங்குல பிவிசி குழாய், சரிவின் கீழ்ப்பக்க வடிகாலுக்கு. இந்த விஷயத்தில் சரிவு வீடு வரம்தான். சமதரையாக இருந்தால் பம்ப் வைத்திருக்க வேண்டும். கோலாலம்பூரின் பிற்பகல் மழை சும்மா தூறிவிட்டுப் போவதில்லை. தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வேறு. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே பள்ளத்தின் தரை முழுவதும் குழாய் வாயை நோக்கிச் சாய்வாகப் பூசப்பட்டது. குழாய் வாயில் வலை.

வெட்டும் வேலை பயந்த அளவுக்கு இல்லை. காரணம், மூலைகளில் முதலில் வட்டத் துளை போட்டதுதான். ரம்பம் மூலையைத் தாண்டி ஓடினால் வெட்டக் கூடாத கம்பியை வெட்டிவிடும், அந்தக் கீறலே பிறகு விரிசலாகும். துளை இருந்தால் அது அங்கேயே நிற்கும். ஆறங்குலச் சுவரில் இரண்டடிப் பட்டை கிட்டத்தட்ட 270 கிலோ. நாலு துண்டாக்கி இறக்கினார்கள். தூசி பறக்காமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் வெட்ட வேண்டும், கான்கிரீட் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது. அறுபட்ட கம்பி முனைகளுக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடித்து, அப்புறம்தான் கலவை போட்டு மூடினார்கள். இதைத் தவிர்க்கச் சொன்னால் யாராயிருந்தாலும் கேட்காதீர்கள்.

ஜன்னல் சட்டம் அலுமினியம். ஸ்லைடிங் விலை குறைவு, ஆனால் பாதிதான் திறக்கும். நாலடி அகலத்தில் இரண்டடிச் சந்து. எனவே வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு. அடி விளிம்பு வெளிப்பக்கமாகச் சாய்கிறது, அதன் கீழே நீர் சொட்டி விழ ஒரு பள்ளக்கோடு. சுவரின் வெளிப்பக்கம் நீர் புகாமல் இருக்கப் போட்டிருந்த பழைய தார்ப்படலத்தின் மேல் புதிய படலம் ஒரு சாண் ஏறிப் படிந்திருக்கிறது.

இப்போது நல்ல வெளிச்சம். மகள் மேசையை ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டுவிட்டாள்.

பாக்கி கிரில். நம் ஊர் வழக்கப்படி திறக்க முடியாத கம்பி போட்டால் செய்ததெல்லாம் வீண். உள்பக்கம் கீல் வைத்துத் திறக்கும் கிரில் சொல்லியிருக்கிறேன். சாவி தேடாமல் உள்ளேயிருந்து ஒரே கையால் திறக்க வேண்டும், வெளியேயிருந்து கைவிட்டாலும் தாழ் எட்டக் கூடாது. பட்டறைக்காரர் மாதிரி ஒன்று செய்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.