பாயிண்டுக்கு விடை கொடுத்தபின்
என் பழைய மோட்டார் சைக்கிளில் பிளக்கில் தீப்பொறி எழ மின்சுற்றைத் திறந்து மூடும் காண்டாக்ட் பாயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷனைப் பொருத்தியிருக்கிறேன். பாயிண்டின் முகங்கள் தீப்பொறியில் கருகிக் குழிவதும், கேமில் (சுழலும் மேடுள்ள பாகத்தில்) உரசும் பகுதி தேய்ந்து, ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி குறைந்து டைமிங் (தீப்பொறி எழும் நேரம்) பின்தங்குவதும் இனி இல்லை. பாயிண்டின் வேலையைக் காந்தமும் சென்சாரும் உரசலின்றிச் செய்கின்றன. ஆனால், தளர்ந்த பேட்டரியிலும் பாயிண்ட் எப்படியோ வண்டியைக் கிளப்பிவிடும். மின்னழுத்தம் சரிந்தால் எலக்ட்ரானிக் பெட்டி அடம்பிடிக்கும். ஆகவே முதலில் எர்த் இணைப்புகளை (வண்டியின் உலோகச் சட்டத்தோடு சேரும் ஒயர் முனைகளை) சுரண்டித் துலக்கினேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனை சட்டத்தோடு இணைந்த பாசிட்டிவ் எர்த் வண்டிகளில் ஒயரை மாற்றிக் கொடுத்தால் பெட்டியே பாழாகலாம் என்பதால், வரைபடத்தை இருமுறை பார்ப்பது நல்லது. தீப்பொறியின் மின் இரைச்சல் பெட்டியைக் குழப்பாதிருக்க, ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப்பும் தேவை. டைமிங்கைக் கண்மதிப்பில் விடாமல், ஓடும் எஞ்சினில், முழு அட்வான்ஸ் (தீப்பொறி மிகவும் முன்கூட்டி எழும் நிலை) எட்டும் வேகத்தில், தீப்பொறியோடு ஒத்து மின்னும் ஸ்ட்ரோப் விளக்கைக் கொண்டே சரிபார்க்க வேண்டும்.